விகாரங் கண்ட வித்தகர்

நன்னூற் பாடத்தில் விகாரம் என்றொரு பகுதி வரும். சொற்கள் புணருமிடத்து நிகழும் மாறுதல்கள் மூன்று. இல்லாத எழுத்தொன்று புதிதாகத் தோன்றும்; ஓரெழுத்து வேறோரெழுத்தாகத் திரியும்; உள்ள எழுத்துக் கெடும். தோன்றல், திரிதல், கெடுதல் என்பன அவற்றின் பெயர்கள். இதனை ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகப் பண்டித வகுப்பு மாணவர்க்குச் சொல்லி வருகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன், விஞ்ஞானம் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் தமது பாடப்புத்தகத்தை என் மேசைமேல் விரித்தபடி வைத்துவிட்டுத் தேநீர் அருந்தப் போனார். விரிந்து கிடந்த பக்கத்தின் தலைப்பு, விகாரம். ஈதென்ன, இலக்கணம் விஞ்ஞானத்துட் புகுந்துவிட்டதா என்று எடுத்து வாசித்தேன்.

வாசித்ததன் சாரம் இது. உடல் கலங்களால் ஆயது. கலத்தின் கருவினுள் நிறமூர்த்தங்கள் என்னும் நுண்ணிழைகள் உள. உடலை ஆக்கும் விதி அவ்விழைகளில் நான்கே நான்கு எழுத்துக்களால் எழுதப்பட்டிருக்கின்றது. கலம் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அந்த ஏடு முழுவதும் பெயர்த்து எழுதப்படும். எழுதுகையில் எழுத்தொன்று மிகலாம்; திரியலாம்; கெடலாம். அதுவே விகாரம். தோலிலோ ஈரலிலோ உள்ள கலமொன்றில் நேர்ந்த விகாரம் அவ்வுடலோடு அழிந்துபோம். விந்திலும் முட்டையிலும், அவற்றைத் தரும் மூலக் கலங்களிலும் நேர்ந்த விகாரமோ பிள்ளைக்குப் போகும். பிள்ளையின் பிள்ளைக்கும் போகக்கூடும்.

மனிதரிடத்து இப்பிழை எத்துணைக்கு ஒருமுறை நேர்கின்றது என எண்ணிச் சொல்லத் துணிந்தவருள் முதல்வர் ஹோல்டேன் என்று, திரும்பி வந்த நண்பர் சொன்னார். அவருடைய வரலாற்றைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க என் வீட்டில் நடந்த ஒன்று நினைவில் எழுந்து என்னை வருத்தியது. அதனையும் உரிய இடத்திற் சொல்வேன்.

யோன் பேடன் சான்டர்சன் ஹோல்டேன் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்டு நகரிற் பிறந்தார். தந்தையார் யோன் ஸ்கொட் ஹோல்டேன் பெயர்பெற்ற உடற்றொழிலியல் அறிஞர். சுரங்கங்களில் உள்ள நச்சுவாயுக்களை ஆராய்ந்தவர். சுரங்கத் தொழிலாளர் நச்சுவாயுவை முன்னறிதற்குச் சிறு பறவைகளைக் கூண்டில் உடன்கொண்டு செல்லும் முறை அவரால் வந்தது. அவர் ஆராய்ச்சிக்குத் தம் உடலையே முதற் கருவியாகக் கொண்டார். அடுத்த கருவி மகன். மகன் சிறுவனாயிருந்தபோது ஒரு சுரங்கத்துள் அழைத்துச் சென்று, எழுந்து நின்று சேக்ஸ்பியரின் நாடகத்தில் மார்க் அன்ரனி ஆற்றும் சொற்பொழிவை ஒப்புவிக்குமாறு பணித்தார். சிறிது சொல்வதற்குள் பையனுக்கு மூச்சு வாங்கிற்று. கால் தளர்ந்து விழுந்தான். நிலத்தில் விழுந்ததும் மூச்சுத் தெளிந்தது. மெதேன் என்னும் வாயு காற்றிலும் இலேசானது, மேலேதான் தங்கும். இதனை வாயாற் சொல்லாமல் உடம்பாற் கற்பித்த தந்தையை நல்லாசிரியர் என்பதா, கொடியவர் என்பதா? நான் ஆசிரியனாதலின் முடிவு கூறாது விடுகின்றேன்.

எட்டு வயதிற் கேட்ட ஒரு விரிவுரை அச்சிறுவனின் வாழ்வைத் திருப்பியது. பட்டாணிச் செடிகளைப் பயிரிட்டுப் பரம்பரை விதிகளைக் கண்ட மெண்டல் பாதிரியாரின் கொள்கை, முப்பத்தைந்து ஆண்டு ஒருவரும் திரும்பிப் பாராமற் கிடந்து, 1900ஆம் ஆண்டில் மீண்டும் வெளிப்பட்டது. மறு ஆண்டே ஒக்ஸ்போர்டில் அதுபற்றி ஒருவர் பேசினார்; தந்தையார் மகனையும் கூட்டிச் சென்றார். பின்னாளில் ஹோல்டேனும் தங்கை நவோமியும் வீட்டிலேயே சீமைப்பெருச்சாளிகளை வளர்த்து, எந்த நிறத்துக்கு எந்த நிறம் பிறக்கின்றது என்று குறித்து வைத்தனர். அந்தத் தங்கையே பிற்காலத்தில் நவோமி மிச்சிசன் என்ற பெயரிற் சிறந்த நாவலாசிரியை ஆனவர்.

ஒக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் அவர் முதல் வகுப்பிற் சித்தியெய்திய பாடங்கள் கணிதமும், கிரேக்க இலத்தீன் இலக்கியங்களோடு கூடிய மெய்யியலும். விஞ்ஞானத்தில் அவருக்குப் பட்டமே இல்லை. இதனைச் சொல்லும்போது ஒரு தமிழ்ப் பண்டிதன் சற்றே பெருமிதம் கொண்டால் வாசகர் பொறுத்தருள்க.

பட்டம் பெற்ற 1914ஆம் ஆண்டே முதலாம் உலகப்போர் மூண்டது. ஸ்கொத்துலாந்துப் படையொன்றிற் சேர்ந்து பிரான்சிலும் பின் மெசப்பொத்தேமியாவிலும் போர் செய்தார், ஈரிடத்தும் காயமுற்றார். எலிகளிற் சில இயல்புகள் கூடியே பரம்பரைக்குச் செல்கின்றன என்னும் ஆராய்ச்சிக் கட்டுரையை அவர் போர்க்களத்தில் இருந்துகொண்டே முடித்தார். கூட உழைத்த நண்பர் போரில் மாண்டுவிட்டார். 1915இல் வெளியான அக்கட்டுரையில் நண்பர் பெயரும் தங்கை பெயரும் உள. காயம் ஆறுதற்பொருட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது அந்நாடு அவர் மனத்தைக் கவர்ந்தது. ஆயினும் ஆளும் இனத்தவனாக அங்கு வாழ அவர் விரும்பவில்லை. அந்நாட்டவரோடு சமமாகப் பழகும் காலம் வந்தால் மீள்வது என்று உறுதி செய்துகொண்டார். நாற்பது ஆண்டு கழித்து அவ்வுறுதி நிறைவேறியது.

போரின்பின் ஒக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், இலண்டன் என மூன்று இடங்களிற் பணி செய்தார். கேம்பிரிட்ஜில் மணமான பெண்மணி ஒருவரின் விவாகரத்து வழக்கில் அவரோடு தொடர்புடையவராகச் சுட்டப்பட்டது காரணமாகப் பதவி பறிபோயிற்று, வழக்காடி மீட்டுக்கொண்டார். 1924ஆம் ஆண்டு முதல் இயற்கைத் தேர்வைக் கணிதத்தால் விளக்கும் கட்டுரைகளைத் தொடர்ந்து எழுதினார். பிஷர், ரைட், ஹோல்டேன் ஆகிய மூவரே குடித்தொகைப் பிறப்புரிமையியலை நிறுவியவர்கள் என்பர். 1933 முதல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பேராசிரியர்.

அக்காலத்தில் விகாரத்தைப்பற்றி ஈக்களைக் கொண்டே பெரும்பாலும் ஆராய்ந்தனர். எக்ஸ் கதிரால் விகாரத்தை மிகுவிக்கலாம் என்று அமெரிக்கராகிய முல்லர் 1927இற் காட்டியதும் ஈக்களிலேயே. மனிதரை ஈயைப்போற் போத்தலில் அடைத்து வளர்க்க இயலுமா? ஹோல்டேன் ஒரு நோயை எடுத்துக்கொண்டார். ஹீமோபிலியா என்னும் குருதி உறையா நோய் அது. சிறு காயம் பட்டாலும் குருதி நில்லாது. மூட்டுக்களுள் குருதி கசிந்து வீங்கும். தாய் வழியாக ஆண்மக்களுக்கு வருவது. அதன் குறை எக்ஸ் என்னும் நிறமூர்த்தத்தில் உள்ளது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதாயினும் மற்றது காக்கும். ஆணுக்கு ஒன்றே.

1935இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் தருக்கம் மிக எளியது. நம்மூர்க் கிணற்றைக்கொண்டு சொல்கின்றேன். நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை இறைத்துவிடுகின்றோம், கிணறோ வற்றவில்லை. அப்படியாயின், கண்ணுக்குத் தெரியாவிடினும் அடியில் ஊற்று இருக்கவேண்டும். இறைக்கும் அளவே ஊறும் அளவு. நாட்டில் உள்ள எக்ஸ் நிறமூர்த்தங்களில் மூன்றில் ஒன்று ஆண்களிடம் உள்ளது. அந்நாளில் இந்நோயுற்ற ஆண்களுட் பெரும்பாலோர் பிள்ளை பெறுமுன்பே இறந்தனர். ஆகவே தலைமுறைதோறும் பழுதுற்ற ஏடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அழிகின்றது. பழைய ஏடுகள் மட்டுமே இருந்தால் இந்நோய் என்றோ உலகை விட்டு அகன்றிருக்கும், அகலவில்லை. ஆதலின் புதுப் பிழைகள் ஓயாது பிறந்துகொண்டிருக்கின்றன. இலண்டன் நகரத்து நோயாளரின் தொகையைக்கொண்டு கணக்கிட்டு, ஒரு தலைமுறையில் ஏறக்குறைய ஐம்பதினாயிரம் நிறமூர்த்தங்களுக்கு ஒன்றில் இப்பிழை புதிதாக நேர்கின்றது என்றார். எழுத்து இன்னது, ஏடு இன்னது என்று ஒருவரும் அறியாத காலம் அது. இழையின் இரட்டைப் புரி அமைப்புத் தெரியவந்தது 1953இலேதான்.

பின் அவர் கண் அரண்மனைமேற் சென்றது. விக்டோரியா மகாராணியாரின் மகன் லியோபோல்ட் இளவரசர் இந்நோயுடையவர். முப்பது வயதில், 1884இல், வழுக்கி விழுந்தது காரணமாக இறந்தார். மகாராணியாரின் பெண்மக்கள் இருவர் வழியாக நோய் ருசிய, ஸ்பானிய அரச குடும்பங்களுட் புகுந்தது. ருசிய மன்னனின் ஒரே மகன் அலெக்சியின் நோயே ரஸ்புதீன் என்னும் சூழ்ச்சிக்காரன் அரண்மனையுள் நுழைய வழிவிட்டது. ஆனால் மகாராணியாரின் முன்னோரிடத்து இந்நோய் காணப்படவில்லை. எங்கிருந்து வந்தது? மகாராணியாரின் தந்தை கென்ட் கோமகன் எட்வேட், மகள் பிறந்தபோது ஐம்பத்தொரு வயதினர். அவருடைய விந்தை ஆக்கிய கலமொன்றிலே பிழை நேர்ந்திருக்கலாம் என்று ஹோல்டேன் எழுதினார். ஒரு பேரரசின் ஆண்டவரைப்பற்றி அக்காலத்து ஆங்கிலேயர் ஒருவர் இவ்வாறு எழுதுவது சிறு துணிவன்று.

2009இல் ருசிய அரச குடும்பத்தாரின் எலும்புகளிலிருந்து அந்த ஏட்டையே படித்துவிட்டனர். கண்டது ஓரெழுத்துத் திரிபு. அதுவும் எங்கே? விதியின் துண்டுகள் ஒன்றோடொன்று புணரவேண்டிய எல்லையில். அவ்வோரெழுத்துத் திரிந்தமையால் புணர்ச்சி பிழைத்தது; பின் வரும் பகுதி முழுவதும் பொருளற்றுப் போயிற்று. இதனைப் படித்த அன்று, நன்னூலார் கேட்டால் மகிழ்வாரே என்று எண்ணிக்கொண்டேன்.

1947இல் ஹோல்டேன் இன்னும் ஒருபடி சென்றார். நோயாளிகளின் குடும்பங்களை மீளக் கணக்கிட்டபோது, புதுப் பிழைகள் பெண்ணின் முட்டையினும் ஆணின் விந்திலேயே பன்மடங்கு மிகுதி என்று பெற்றார். காரணமும் குறிப்பாற் காட்டினார். பெண்ணின் முட்டைக் கலங்கள் யாவும் அவள் தன் தாய் வயிற்றில் இருக்கும்போதே உண்டாகி, பிரிதலை நிறுத்தி உறங்குகின்றன. ஆணின் விந்துக் கலங்களோ முதுமைவரை ஓயாது பிரிகின்றன. இருபது வயதில் ஏறக்குறைய நூற்றைம்பது முறை பெயர்த்தெழுதப்பட்ட ஏடு, ஐம்பது வயதில் எண்ணூறு முறைக்கு மேல் பெயர்த்தெழுதப்பட்டதாகும் என்பது பின்வந்தோர் கணக்கு. பனையோலைச் சுவடிகளோடு பழகியவர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை. எழுதினவன் ஏட்டைக் கெடுத்த கதை நாம் அறியாததா? பெயர்த்தெழுதுந்தோறும் பாடபேதம் பெருகும். 2012இல் ஐசுலாந்துக் குடும்பங்களின் ஏடுகளை எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கியோர், தந்தையின் வயது ஓராண்டு கூடக் குழந்தையிற் புது விகாரம் ஏறக்குறைய இரண்டு கூடுவதாகக் கண்டனர். பெயர்த்தெழுதும் பிழையோடு வேறு காரணங்களும் உள என்பர் இன்றைய ஆராய்ச்சியாளர். ஆயினும் தந்தை பக்கமே கூடுதல் என்ற ஹோல்டேனின் முடிவு நிலைத்துவிட்டது.

இனி என் வீட்டுக் கதை. என் தமக்கையாரின் தலைப்பிள்ளை ஆண். தவழும் பருவத்திலேயே முழங்கால்கள் நீலம் பாரித்து வீங்கின. பாற்பல் விழுந்தபோது மூன்று நாள் குருதி நிற்கவில்லை. மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார். தாய்வழி வருவது என்றும் சொன்னார். அவ்வளவே போதுமாயிருந்தது. அத்தான் வீட்டார் எங்கள் குலத்தைத் துருவினர். எங்கள் அன்னையார் தம் பாட்டி, பூட்டி வரை நினைவுகூர்ந்து, குருதி பெருகி இறந்த ஆண்பிள்ளை எவரேனும் உண்டோ என்று ஊர் முதியோரைக் கேட்டுத் திரிந்தார். ஒருவரும் இல்லை. மறைக்கின்றார்கள் என்றனர் மாப்பிள்ளை வீட்டார். அக்காலத்தில் நான் பண்டிதப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கற்றவன் என்று என்னைச் சபையிற் கேட்டார்கள். நானும் பெரிதாக அறிந்தவன்போல, நோய் தாய்வழியதே, ஆதலின் எங்கள் பெண்கள் கொடியிலேதான் வந்திருக்கவேண்டும் என்று தீர்ப்புக் கூறினேன். கதவுக்குப் பின்னால் தமக்கையார் நின்றார். அதன்பின் அவர் இரண்டாம் பிள்ளை பெறவில்லை. எந்தக் கலியாண வீட்டுக்கும் முன்னே வந்து நின்றதுமில்லை.

எங்கள் தந்தையார் காலந்தாழ்த்தி மணஞ் செய்தவர். தமக்கை பிறந்தபோது அவருக்கு வயது ஐம்பது. பெண்களின் கொடியை வேர்வரை கிண்டிய நாங்கள், முற்றத்திற் சாய்கதிரையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த அவரை ஒருமுறையும் திரும்பிப் பார்த்தோமில்லை. பிழை அவரிடத்தேதான் நேர்ந்தது என்று நான் இப்போதும் தீர்ப்புக் கூறவில்லை; ஒருமுறை தீர்ப்புக் கூறியது போதும். தமக்கையின் முட்டையிலேயே புதிதாக நேர்ந்திருக்கலாம். எங்கு நேர்ந்தாலும் அது எவரும் செய்த குற்றமன்று. ஹோல்டேனின் கட்டுரை 1935இலேயே அச்சிலிருந்தது. நான் சபையில் வாய் திறந்தது அறுபது ஆண்டின்பின்.

இவ்வளவு தெளிவாகப் பார்த்த கண்ணும் ஓரிடத்தில் மூடிக்கொண்டது. ஹோல்டேன் பொதுவுடைமைவாதி. 1942இல் கட்சியிலும் சேர்ந்தார். தொழிலாளர் பத்திரிகைக்கு எளிய ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான விஞ்ஞானக் கட்டுரைகளை வரைந்தார். அவ்வெளிமை எந்நாட்டு எழுத்தாளரும் கற்கத்தக்கது. ஆனால் சோவியத்து நாட்டில் லைசெங்கோ என்பவர் பரம்பரையலகு என்பதே பொய் என்று கூறி, அரசின் துணையால் உண்மை அறிஞரை ஒழித்தார். 1928இல் ஹோல்டேனை அங்கு வரவேற்று உபசரித்த வாவிலோவ் 1943இற் சிறையில் மாண்டார். அப்பொழுதும் ஹோல்டேன் உடைத்துப் பேசவில்லை; லைசெங்கோவிடத்தும் சில நன்மை தேடினார். 1950ஐ ஒட்டியே கட்சியை விட்டு மெல்ல விலகினார். ஏட்டுப்பிழை காண வல்லவர் நண்பனுக்கு நேர்ந்த பிழையைக் காணாதிருந்தமை அவர் வரலாற்றில் ஆறாத வடு.

தம் உடலைமட்டும் அவர் ஒருபோதும் காத்துக்கொண்டதில்லை. 1939இல் தீற்றிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் அமிழ்ந்து தொண்ணூற்றொன்பது பேர் மாண்டபோது, அத்தகைய கப்பலிலிருந்து தப்பும் வழியை ஆராய, இரும்பறையுள் அழுத்தமான காற்றைத் தாமே சுவாசித்தார். வலிப்பு வந்தது, முதுகெலும்பு ஊறுபட்டது, அந்நோவு ஆயுள்வரை நீங்கவில்லை.

1957இல், சூயெஸ் கால்வாய்ப் படையெடுப்பை வெறுத்து இங்கிலாந்தை விட்டுக் கல்கத்தாவுக்கு வந்தார். மகாலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியற் கழகம் அவரை அழைத்தது. அறுபது ஆண்டு காலுறை அணிந்தது போதும் என்பதும் தாம் வந்த காரணங்களுள் ஒன்றென வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார். வேட்டியும் சட்டையும் உடையாயின. ஊன் உண்ணுதலை விட்டார். இந்தியக் குடியுரிமையும் பெற்றார். விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று வருந்திய இளைஞரிடம் எண்ணுவதற்குக் கண்ணும் விரலும் உண்டே என்ற பாங்கில் வேலை கொடுத்தார். ஒரு மாணவர் பவளமல்லிகைப் பூவின் இதழ்களை எண்ணினார். இன்னொருவர் தென்னையின் ஓலைகள் வலஞ்சுழியாகச் சுற்றுகின்றனவா, இடஞ்சுழியாகவா என்று பார்த்தார். நம் வளவுத் தென்னையை நான் ஐம்பது ஆண்டு அண்ணாந்து பார்த்தும் சுழியைக் கண்டதில்லை. இதனைப் படித்தபின்னரே கண்டேன்.

ஆந்திர நாட்டில் மாமன் மருமகளை மணக்கும் வழக்கு மிகுதி. அந்நாட்டு மாணவராகிய துரோணம்ராசுவை அவ்வழக்கின் விளைவை ஆராயச் செய்தார். மச்சான் மச்சாள் மணம் நிகழும் நமக்கும் இது வேண்டுவதே. உறவு மணம் விகாரத்தை உண்டாக்குவதில்லை. இருபக்கத்தும் மறைந்து கிடக்கும் ஒரே பழைய பிழை ஒரு பிள்ளையிடம் இரட்டிக்கவே அது வழி செய்யும். குருதி உறையா நோய் அவ்வகையினதன்று. எங்கள் அத்தான் உறவே அல்லாத பிறத்தியார். அப்படியிருந்தும் சொந்தத்தில் முடித்ததன் பலன் என்று சொன்னோரும் உளர்.

கழகத் தலைவரோடு கருத்து மாறுபட்டு 1961இல் விலகினார். 1962இல் ஒரிசா முதலமைச்சர் பிஜு பட்நாயக்கின் அழைப்பை ஏற்றுப் புவனேசுவரம் சென்றார். அங்கே ஆய்வுக்கூடம் அமைந்து வருகையில் மலக்குடற் புற்றுநோய் கண்டது. இலண்டனிற் சத்திர சிகிச்சை பெற்றுப் படுக்கையில் இருந்தபடி, அந்நோயையே நகையாடி ஒரு கவிதை எழுதி 1964இல் வெளியிட்டார். குறி கண்டதும் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுக என்பது அதன் பொருள். அதனை அருவருத்தோரும் உண்டு. எனக்கு அது பரிகாரி பாடிய பாட்டாகவே படுகின்றது. தம் மரணச் செய்தியைத் தாமே பேசி ஒலிபரப்புக்கென முன்கூட்டிப் பதிவு செய்தும் கொடுத்தார்.

1964 டிசம்பர் 1ஆம் நாள் புவனேசுவரத்தில் உயிர் நீத்தார். அவருக்குப் பெற்ற மக்கள் இல்லை. அவர் நடத்திவந்த பிறப்புரிமையியற் சஞ்சிகையை மனைவியார் ஹெலன் ஸ்பேர்வே சில காலம் நடத்தினார். இடையே நின்று, 1985 முதல் இந்திய விஞ்ஞானக் கழகத்தாரால் வெளிவருகின்றது. உடல், அவர் எழுதி வைத்தபடியே, மாணவர் அறுத்துப் படிப்பதற்காகக் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

சென்ற தைப்பொங்கலன்று தமக்கையார் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் இன்று முப்பது வயது கடந்தவன். ஊசிமருந்தின் துணையோடு வேலைக்குப் போய் வருகின்றான். ஹோல்டேனின் கதையை முதலிலிருந்து சொன்னேன். மகாராணியின் தந்தை வரையில் வந்ததும், அவருக்கு அப்போது வயதென்ன என்று தமக்கையார் கேட்டார். சொன்னேன். அவர் எழுந்து சென்று, சுவரில் தொங்கிய எங்கள் தந்தையாரின் படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, எனக்குத் தேநீர் ஊற்றப் போனார்.